பச்சை விளக்கு எரியாவிட்டால்…

கேள்வி: விமானம் ஓட்டப் பழகி வருகிறேன். சக்கரங்கள் உள்ளே மடங்கும் சிறு விமானமான பைப்பர் ஆரோவில் சக்கரங்களை இறக்கியபோது, அவை பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் வலதுபக்கத்து விளக்கு எரியவில்லை. பக்கத்து பல்பைக் கழற்றி அதில் போட்டார் பயிற்றுநர், எரிந்தது, இறங்கிவிட்டோம். வெறும் பல்புதானே, விட்டுவிடலாமா?

பதில்: பயிற்றுநர் செய்தது சரி. நல்ல பல்பு அந்த இடத்தில் எரிந்ததால் வலது கால் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு) இறங்கிப் பூட்டிக்கொண்டது உறுதியாயிற்று. ஆரோவில் இன்னொரு விஷயமும் உண்டு: இறக்கை நுனிகளில் எரியும் நேவிகேஷன் விளக்கைப் போட்டிருந்தால் இந்தப் பச்சை விளக்குகள் தானாக மங்கிவிடும், பகல் வெளிச்சத்தில் அணைந்த மாதிரியே தெரியும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'வெறும் பல்புதானே' என்று மட்டும் நினைக்காதீர்கள். பல்பு போயிருக்கலாம், பூட்டியதை விளக்குக்குத் தெரிவிக்கும், காலில் உள்ள மைக்ரோ சுவிட்சில் அழுக்கு அடைத்திருக்கலாம், நிஜமாகவே கால் பூட்டாமலும் இருக்கலாம்; உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாழப் பறந்து காட்டினால் கீழே இருப்பவர்கள் கால் இறங்கியிருக்கிறது என்று சொல்வார்கள், பூட்டு விழுந்ததா என்று அவர்களால் சொல்ல முடியாது. அதனால் இறங்கியதும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும்.

பராமரிப்பில் விமானத்தை ஜாக்கில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைப் பலமுறை மடக்கி இறக்கிப் பார்ப்பார்கள். முடிந்தால் அன்றைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது அவசர இறக்கச் சோதனை. ஹைட்ராலிக் அழுத்தம் தள்ளும்போது பழைய கிரீஸ் காய்ந்து இறுகிப்போன மூட்டுகூட வழிக்கு வந்துவிடும், பச்சையும் எரியும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அழுத்தத்தை விடுவித்து, கால் தன் எடையிலேயே விழட்டும் என்று விட்டால்தான் குட்டு வெளிப்படும்: வேகமாக வந்த கால் கடைசி ஒரு அங்குலத்தில் தயங்கி நின்றுவிடும், பூட்டுக் கொக்கி மாட்டாது. அந்த ஒரு அங்குலத்தைத் தரையில் கண்டுபிடித்துவிட்டால் துடைத்து, கிரீஸ் போட்டு, அளவு சரிசெய்து முடித்துவிடலாம். அதையே வானத்தில் கண்டுபிடித்தால் வயிற்றால் இறங்க வேண்டியதுதான். பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், ஆனால் ஓடுகிற புரொப்பெல்லர் தரையில் அடித்துவிட்டால் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், நீங்களே தினமும் செய்யக்கூடியது ஒன்று: ஓலியோவின் (காலில் அதிர்ச்சியைத் தாங்கும் எண்ணெய்க் குழாய்) பளபளக்கும் தண்டை ஒரு சுத்தமான துணியால் துடையுங்கள். துணியில் சிவப்பு எண்ணெய் ஒட்டினால் சீல் கசிகிறது. அதில் மண் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி சீலை இன்னும் அரித்துவிடும்.

கேள்வி: செஸ்னா 172இல் சக்கரம் மடங்காதே, அதற்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

பதில்: மடங்காத சக்கரம் இறங்க மறுக்காது, அந்தக் கவலை இல்லை. ஆனால் மூக்குச் சக்கரம் முதலில் படும்படி பலமாக மோதி இறங்கினால், இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் ஃபயர்வால் தகடு சுருங்கி மடிப்பு விழலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாமலே போகலாம். ஓடுதளத்தில் மூக்குச் சக்கரம் தடதடவென்று ஆடினாலும் அந்த ஆட்டத்தை அடக்கும் ஷிம்மி டேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழகுகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு மோதலை மறைப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். யாரும் திட்டினாலும் பரவாயில்லை, அடுத்தவர் அதில் ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.