கிக்கர் லேசாக இறங்கினால் உடனே போர் போட வேண்டுமா?

எட்டு ஆண்டு ஓடிய 100 சிசி வண்டியில் கிக்கர் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறது, காலையில் கிளம்ப அடம் பிடிக்கிறது, போர் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் குடைந்து, பிஸ்டன் மாற்றச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சற்றுப் பொறுங்கள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே தினமும் ஓடும் என் வண்டிக்கும் இதே தீர்ப்புதான் சொல்லப்பட்டது. பழுதோ பிஸ்டனில் இல்லை, எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில் இருந்தது.

முதலில் இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் டேப்பட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி) பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். டேப்பட் இறுகியிருந்தாலே வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறையும் என்பதால், இதைப் பார்க்காமல் செய்யும் எந்தச் சோதனையும் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அடுத்து, கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து கிக்கரை உதைத்து அளவெடுங்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளந்தால், அளவு நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்மானம் என்றும், ஏறாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் வால்வு என்றும் கொள்ளலாம்.

இதைவிடத் தெளிவான சோதனை காற்றடிப்பதுதான். பழைய பிளக்கின் உள்பகுதியை நீக்கிவிட்டு அதில் டியூப் வால்வைப் பற்றவைத்துத் தந்தார் எங்கள் தெருப் பஞ்சர் கடைக்காரர். இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை மேலே நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின்பிரேக்கை அழுத்திக்கொண்டு, மெதுவாகக் காற்றை ஏற்றினோம். சைலன்சர் வாயில் ‘உஸ்’ என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங். என் வண்டியில் சைலன்சரிலிருந்து வந்த சத்தம் நான்கடி தள்ளி நின்றவருக்கும் கேட்டது.

ஹெட்டைக் கழற்றியபோது அந்த வால்வின் விளிம்பு எலி கொறித்ததுபோல ஓரிடத்தில் கருகித் தின்னப்பட்டிருந்தது. காரணம் நானேதான் என்று சொல்ல வேண்டும். டேப்பட் சத்தம் பிடிக்காமல், சத்தமே வராதபடி இறுக்கித் தரும்படி ஒரு பட்டறையில் வற்புறுத்தியிருந்தேன். பட்டறைக்காரரும் மறுக்காமல் செய்துவிட்டார். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும் நேரத்தில் தான் அமரும் சீட்டின் வழியாகவே ஹெட்டுக்குக் கடத்துகிறது. வால்வு சீட்டில் படியாமல் மயிரிழை இடுக்கு விட்டாலும் அந்த வழி அடைபட்டு, எரியும் வாயு அதே இடுக்கில் சீறி உலோகத்தைத் தின்றுவிடும்.

கருகிய வால்வையும் வளைந்த வால்வையும் லேப்பிங் (பேஸ்ட் தடவிச் சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) செய்து காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். புது வால்வை, அதன் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடில் நுழைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கைடையும் மாற்றாமல் மேற்கொண்டு வேலை செய்வது வீண். என் ஹெட்டில் சீட்டும் குழிந்திருந்ததால் கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் 45 டிகிரி கட்டர் போட்டுச் சீர்செய்தார்கள். அதன்பின் முரட்டுப் பேஸ்ட், நைஸ் பேஸ்ட் என்ற வரிசையில் கையால் லேப்பிங் செய்து, விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் வரும்வரை விடவில்லை. பேஸ்ட் துளி உள்ளே தங்கினாலும் சிலிண்டரை அரித்துவிடும் என்பதால் மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவினோம். வால்வுகளைப் பூட்டி, பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தபோது, போர்ட்டுகளில் ஈரம் கசியவில்லை.

ஆயில் சீலும் ஹெட் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். வால்வுகளை இயக்கும் பல்சக்கரத்தின் டைமிங் குறியை இருமுறை பாருங்கள், ஒரு பல் தவறினாலே வண்டி சரியாக ஓடாது. டேப்பட் இடைவெளியை உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடியே வைத்து, 500 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் சரிபாருங்கள். என் வண்டியில் இப்போது காலையில் டேப்பட் லேசாகத் தட்டும் ஓசை கேட்கிறது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.