நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து நிலக்கடலைக் கிடங்கு வரை

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று வந்திருக்கிறார். பொதுக்காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால், வீட்டில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எல்லா முடிவுகளையும் அவரே எடுத்துவிடுகிறார். குடும்பத்தையும் தொண்டையும் ஒருசேரப் பேணிய முன்னாள் படைவீரர் யாரையாவது சொல்ல முடியுமா?
– வாசகி ஒருவர்

பதில்: ஜிம்மி கார்ட்டரைச் சொல்வேன். அமெரிக்க அதிபராக நான்கு ஆண்டுகள் இருந்தவர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1946 முதல் 1953 வரை, அவர் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் பணியாற்றிய கடற்படை அதிகாரியாக இருந்தார். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலை விபத்துக்குள்ளானபோது, அதைப் பிரித்தெடுக்கச் சென்ற குழுக்களில் ஒன்றுக்கு அவர் தலைவர். கதிர்வீச்சின் காரணமாக ஒருவர் ஏறக்குறைய 90 விநாடிகள்தாம் உள்ளே நிற்க முடியும் என்பதால், டென்னிஸ் மைதானம் ஒன்றில் உலையின் மாதிரியை அமைத்து, எந்த போல்ட்டை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

அடுத்த ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் அவருடைய தந்தை புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக, அவர் தங்களுக்கு ஓசையின்றிச் செய்த உதவிகளைச் சொல்லக் கேட்ட மகன், கடற்படையை விட்டுவிட்டு ஊர் திரும்புவது என்று அங்கேயே தீர்மானித்தார். மனைவி ரோசலினிடம் கேட்கவே இல்லை. கடற்படைக் குடும்பமாக ஊர் ஊராகச் சுற்றிய சுதந்திரமான வாழ்க்கையை விரும்பியிருந்த அவருக்குக் கடுமையான கோபம். ஊர் திரும்பிய கார்ப் பயணத்தில் கணவரிடம் நேராகப் பேசாமல், வழியில் எங்காவது நிறுத்த வேண்டுமென்றால்கூட, ‘அப்பாவிடம் சொல்’ என்று சிறுவனான மூத்த மகன் ஜாக்கிடம்தான் சொன்னாராம். இதைக் கார்ட்டரே பிற்காலத்தில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது இந்தக் கார்ப் பயணம்தான்.

ஊரில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார்கள், மழையும் பொய்த்தது. அப்போது ரோசலின் குடும்பத்தின் நிலக்கடலைக் கிடங்கின் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கினார். எந்த வரவு லாபம் தருகிறது, எங்கே கை கடிக்கிறது என்பது சில ஆண்டுகளில் கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. கார்ட்டரும் அவரிடம் யோசனை கேட்கத் தொடங்கினார். கப்பலில் ஆணையிட்டுப் பழகியவர் வீட்டில் கேட்கக் கற்றுக்கொண்ட இந்த இடத்தையே அவருடைய வாழ்க்கையின் திருப்பமாக நான் கருதுகிறேன். பின்னாளில் வெள்ளை மாளிகையில், ரோசலின் அமைச்சரவைக் கூட்டங்களிலும் அமர்ந்து குறிப்பெடுத்தார்.

1980 தேர்தலில் தோற்ற பிறகு, 1961-இல் தாங்கள் கட்டிய அதே எளிய வீட்டுக்கு இருவரும் திரும்பினார்கள். 1984-இல், ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஹாபிடாட் அமைப்பின் தொண்டர்களோடு நியூயார்க்குக்குப் பேருந்தில் சென்று, பாழடைந்த கட்டடம் ஒன்றை 19 குடும்பங்கள் வாழத்தக்கதாக மாற்றும் பணியில் இறங்கினார்கள். அதன்பின் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கினார்கள். 14 நாடுகளில் 4,300-க்கும் அதிகமான வீடுகள் இவ்வாறு கட்டப்பட்டன அல்லது செப்பனிடப்பட்டன. 2006-இல் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவுக்கும் இருவரும் வந்து வேலை செய்தார்கள். 2019 அக்டோபரில், 95 வயதில், கார்ட்டர் வீட்டில் கீழே விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல்கள் போட்ட நிலையிலும், மறுநாள் நாஷ்வில் நகரில் கண் கறுத்து வீங்கியிருக்கக் கருவிகளோடு வேலைக்கு வந்து நின்றார். மனைவியும் உடன் இருந்தார்.

அசுத்தமான குடிநீர் வழியாக உடலில் புகுந்து, தோலைப் புண்ணாக்கி வெளியே வரும் புழுவால் உண்டாகும் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க, அவர் நிறுவிய தொண்டு அமைப்பான கார்ட்டர் மையம் செய்த பணியையும் இங்கே சொல்ல வேண்டும். 1986-இல் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய அந்நோய், தண்ணீரைத் துணியால் வடிகட்டுவது, புண் உள்ளவர்கள் குளத்தில் இறங்காமல் தடுப்பது போன்ற எளிய வழிகளால் 2023-இல் வெறும் 14 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது.

உங்கள் கணவரின் தொண்டைத் தடுக்காதீர்கள்; அதன் கணக்கு நோட்டை உங்களிடம் தருமாறு கேளுங்கள். எவ்வளவு செலவாகிறது, எத்தனை நாள் போகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினால், கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கம் தானாகவே தளரும் என்று நம்புகிறேன்.

கேள்வி: கார்ட்டரின் தாயார் இந்தியாவில் தொண்டு செய்தது உண்மையா?
– வாசகர் ஒருவர்

பதில்: உண்மைதான். பயிற்சி பெற்ற செவிலியரான லில்லியன் கார்ட்டர், 68 வயதில், பிற நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ (அமைதிப் படை) அமைப்பில் தொண்டராகச் சேர்ந்து, 1966 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பம்பாயை அடுத்த விக்ரோலியில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். அங்கிருந்து அவர் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாகவே வந்தன.