போதகர் வீட்டு அடுப்பு

கேள்வி: அக்கா, மிஷனரி குடும்பம் என்றால் நாள் முழுக்க ஜெபம்தானா? பினாங்கில் உங்கள் பொழுது எப்படிப் போகிறது?
– வாசகி, நாசரேத்

பதில்: பிரசங்கம் என் வீட்டுக்காரருக்கு, அடுப்பு எனக்கு! ஆறரைக்கு எழுந்தாலும் இங்கே இருட்டுதான். விடிய ஏழு தாண்டும். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்குவேன். முதல் மாதம் பெயர் தெரியாமல் விழித்தேன். அப்புறம் பார்த்தால் நம் ஊர் அயிலை மாதிரிதான். குழம்பில் அம்மா வைத்த ருசி மட்டும் வரவில்லை, புளி வேறோ என்னவோ.

முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடலாம் என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு. ஆகவே எங்கள் ஊழியம் தமிழ்ச் சபையோடு சரி. 1819-ல் லண்டன் மிஷனின் தாமஸ் பைட்டன் தம்பதி இங்கே வந்தார்கள். அந்த அம்மா சந்தையில் என்ன பாடுபட்டாரோ!

மகள் இப்போது இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் ‘லா’ சேர்த்து “சாப்பிட்டாச்சு லா” என்கிறாள். ஊரைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் எனக்குப் பதினொன்றரை. தூக்கக் கலக்கத்தில் “ம்… ம்…” என்பேன். “சரி, நாளைக்குப் பேசுறேன்” என்று வைத்துவிடுவார்.