ராஸ் கடல்: கையெழுத்து எங்கே போய்ச் சேர்கிறது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்டிக்காவின் ராஸ் கடலைக் காப்பகமாக்கக் கோரிய இணைய மனு ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்டேன். 2016-இல் அறிவிப்பு வந்தபோது மகிழ்ந்தேன். “ஆளே இல்லாத கடலுக்கு யாரிடம் மனு கொடுப்பாய்? உன் கையெழுத்துக்குக் கப்பல் நிற்குமா?” என்று நண்பர் கேலி செய்கிறார். உண்மையில் இந்தப் பிரச்சாரம் எப்படிப் பலித்தது? ஏன் முழுத் தடையே கேட்கவில்லை? இன்னொன்று, இங்கே உணவக மெனுக்களில் சீ பாஸ் என்று பார்க்கிறேன். அது ராஸ் கடலில் பிடிக்கும் மீன்தானா, தவிர்க்க வேண்டுமா?

கார்த்திகா, சிங்கப்பூர்

அன்புள்ள கார்த்திகா,

கேலியாக இருந்தாலும் நண்பரின் கேள்வி சரியானது. அந்தக் கடலின் மீன்பிடிப்பை முடிவு செய்யும் இடம் ஒன்றே ஒன்றுதான்: ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் கூடும் அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம். சுருக்கமாக கேம்லார். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும்; ஒரு நாடு தலையாட்டவில்லை என்றால் தீர்மானம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஆகவே பத்து லட்சம் கையெழுத்தும் ஏற்கெனவே ஆதரிக்கும் நாடுகளிலிருந்தே வந்தால் பயனில்லை. மறுக்கும் தலைநகரில் யார் காதில் விழுகிறது என்பதுதான் கணக்கு.

ராஸ் கடலின் கதையே இதற்குச் சான்று. 2012-இல் அமெரிக்காவும் நியூசிலாந்தும் ஆளுக்கொரு வரைபடத்தோடு வந்தன. நியூசிலாந்தின் கப்பல்கள் 1996-97 பருவத்திலிருந்து அங்கே மீன் பிடிப்பவை என்பதால் அதன் வரைபடம் நல்ல மீன்பிடி இடங்களைச் சுற்றி வளைந்து போனது. இரண்டையும் இணைத்து 2013 ஜூலையில் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் சிறப்புக் கூட்டம் போட்டால், காப்பகம் அமைக்க ஆணையத்துக்குச் சட்ட அதிகாரமே உண்டா என்று ரஷ்யா கேட்டது. அந்த அக்டோபருக்குள் முன்மொழிந்த காப்பகப் பரப்பு 23 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 13 லட்சமாகச் சுருங்கியது. வடக்கே மீன் முட்டையிடும் கடலடி மலைப் பகுதி வெட்டப்பட்டது. என் பார்வையில் முழுப் பேரத்திலும் பெரிய இழப்பு அதுதான். 2015-இல் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிருக்கான ஆய்வு மண்டலம் ஒன்றைச் சேர்த்தபின் சீனா இறங்கி வந்தது. மிஞ்சியது ரஷ்யா.

பிரிட்டிஷ் நீச்சல் வீரர் லூயிஸ் பியூ 2015-இல் வெறும் நீச்சல் உடையில் ராஸ் கடலில் இறங்கியது நினைவிருக்கும். படம் உலகமெங்கும் ஓடியது. ஆனால் பலன் தந்தது அதற்குப் பின் அவர் திரும்பத் திரும்ப மாஸ்கோ போனது. குளிர்நீரில் குளிப்பதைப் பெருமையாக நினைக்கும் நாட்டில் அந்த ஆளுக்குத் தொலைக்காட்சியும் அமைச்சகக் கதவுகளும் திறந்தன. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெரி ரஷ்யத் தரப்போடு நேரடியாகவே பேசினார். 2016 அக்டோபர் 28 அன்று ஒப்புதல் வந்தது. 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் 11.2 லட்சத்தில் வணிக மீன்பிடிப்பே கூடாது. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறை.

விலையும் கொடுத்தார்கள். காலவரம்பு 35 ஆண்டுகள். ஐம்பது ஆண்டு வரை வாழக்கூடிய, பெண் மீன் முட்டையிடவே 16, 17 வயதாகும், அங்கே கப்பல்கள் தேடிப் போகும் மீனான அண்டார்டிக் டூத்ஃபிஷுக்கு இது ஒரு தலைமுறைக்கே சரியாகப் போய்விடும். மொத்தப் பிடிப்பளவு குறையவில்லை, பிடிக்கும் இடம்தான் நகர்ந்தது. இன்றும் அந்தப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 டன்னை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ அனுமதி உண்டு.

முழுத் தடை ஏன் கேட்கவில்லை என்றால், ஆணையத்தின் மூல ஒப்பந்தமே பாதுகாப்பு என்பதில் அறிவார்ந்த பயன்பாடும் அடங்கும் என்கிறது. ‘மீனே பிடிக்காதே’ என்று போனால், ஒப்பந்தத்தைக் காட்டியே வாயை அடைத்துவிடுவார்கள். ‘இந்த இடத்தை மூடு, காரணம் இது’ என்பதற்குத்தான் அங்கே காது உண்டு. சில அமைப்புகள் இன்றும் முழக்கத்தோடு போய் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

காரணம் சொல்லத் தரவு வேண்டும். அந்தத் தரவோ பெரும்பாலும் மீன்பிடிக் கப்பலிலிருந்தே வருகிறது. ஆயிரக்கணக்கான கொக்கிகள் கொண்ட நீண்ட தூண்டில் கயிறு ஆயிரம் மீட்டருக்கும் கீழே கடல் தரையில் கிடக்கும். ஏற்றும்போது, பிடித்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு மீனை உயிரோடு விட வேண்டும். காயத்தைப் பார்த்து, நீளம் அளந்து, முதுகுத் துடுப்பின் அடியில் எண்ணிட்ட இரண்டு டேக் (அடையாள வில்லை) குத்தி இறக்கிவிடுவார்கள். ஒன்று கழன்றாலும் மற்றது இருக்கும். பின்வரும் ஆண்டுகளில் டேக் உள்ள மீன் எத்தனைக்கு ஒன்று திரும்பச் சிக்குகிறது என்பதிலிருந்து மொத்த இருப்பைக் கணிக்கிறார்கள்.

கோளாறு வருவதும் இங்கேதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நாற்பது கிலோ மீனை விட்டுவிட்டு, கைக்கு அடக்கமான சின்ன மீனாகப் பார்த்து டேக் குத்தினால் வேலை சுலபம், கணக்கு பாழ். அதனால் டேக் போட்டவற்றின் நீளமும் பிடிபட்டவற்றின் நீளமும் குறைந்தது 60 சதவீதம் பொருந்த வேண்டும் என்று விதி வந்தது. ஆண்டுக்கு ஆண்டு பனிக்கட்டி நகர்வதால் கப்பல் போகும் இடமும் மாறும். டேக் போட்ட இடத்தில் மறுபடி தேடவே முடியாத பருவங்களும் உண்டு. பிரச்சாரகர்கள் இந்த அறிக்கைகளைப் படிப்பதில்லை. பென்குயின் படம் போடுகிறார்கள். உலகின் அடேலி பென்குயின்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் ஹோபார்ட் அறைக்குள் பேசப்படுவது டேக்.

சிங்கப்பூர் இந்த ஆணையத்தில் உறுப்பினர் இல்லை, இந்தியா உறுப்பினர். கிழக்கு அண்டார்டிக்காவையும் வெட்டெல் கடலையும் காப்பகமாக்கும் முன்மொழிவுகளுக்கு இந்தியா 2021-இல் ஆதரவு அறிவித்தது. சீனாவும் ரஷ்யாவும் ஒப்பாததால் அவை இன்னும் கிடப்பில். கடவுச்சீட்டு இந்தியாவுடையது என்றால் டெல்லியின் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு எழுதுங்கள். அறிவியல் பணிக்குழுக்கள் ஆண்டின் நடுவிலேயே கூடிவிடும் என்பதால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ எழுதுவது நல்லது. அக்டோபரில் எழுதினால் பிரதிநிதிகள் விமானம் ஏறியிருப்பார்கள். ‘காப்பாற்றுங்கள்’ என்று எழுதாதீர்கள். இந்த ஆண்டு இந்தியா எந்த ஆய்வுத் தரவை முன்வைக்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஊர் எம்.பி. வழியாக நாடாளுமன்றக் கேள்வியாகப் போனால் எழுத்தில் பதில் கிடைக்கும். ராஸ் கடல் காப்பகத்தின் முதல் பத்தாண்டு மறுஆய்வு 2027-இல். அதில் ஆய்வுத் தரவு மெலிவாக இருந்தால், காப்பகத்தால் என்ன பயன் என்று கேட்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

மெனு விஷயம். வெறுமனே சீ பாஸ் என்றிருந்தால் பெரும்பாலும் நம் கொடுவாதான், பண்ணையில் வளர்ந்தது. கவலை வேண்டாம். சிலியன் சீ பாஸ் என்று கூடுதல் விலையோடு இருந்தால் அது டூத்ஃபிஷ். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு இனங்கள் விற்கப்படுகின்றன. படகோனியன் இனம் ராஸ் கடலுக்கு வெகு வடக்கேயும் பிடிபடுகிறது. சூழல் சான்று முத்திரையை மட்டும் நம்பித் தீர்மானிக்கவும் முடியாது. விஞ்ஞானிகளும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தபோதே 2010-இல் ராஸ் கடல் மீன்பிடிப்புக்கு, வளம் குன்றாமல் மீன் பிடிப்பதாகச் சொல்லும் எம்.எஸ்.சி. சான்று கொடுக்கப்பட்டது. 2000 முதல் முறையான ஒவ்வொரு சரக்கோடும் பிடிப்பு ஆவணம் வர வேண்டும். இறக்குமதியாளரிடம் அதைக் கேட்டு, பிடித்த பகுதியின் எண்ணைப் பாருங்கள். 88.1 என்றிருந்தால் ராஸ் கடல் பகுதியிலிருந்து வந்தது.