ஓசூர் ரோஜாவில் மணம் எங்கே?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் வாடகை வீடு. மழை பிடித்துவிட்டால் பீரோவைத் திறக்க முடியாது, அப்படி ஒரு மக்கல் வாடை. ரூம் ஸ்பிரே அடித்தால் அரை மணி நேரம் தாங்குகிறது, எனக்கோ தும்மல். ஓசூர் ரோஜா மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைத்து வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: செய்யலாம், ஆனால் அந்த ரோஜாவில் வேண்டாம். ஒரு கட்டு வாங்கி மூக்கருகே வைத்துப் பாருங்கள், பச்சை இலை வாசம்தான் வரும். பசுமைக்குடிலில் விளையும் கொத்துப்பூ ரகங்களை நீளமான காம்புக்காகவும், பல நாள் வாடாமல் நிற்பதற்காகவுமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். அந்த ஓட்டத்தில் மணம் போய்விட்டது. பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று கேட்டு வாங்குங்கள். பார்க்கச் சின்னது, தொட்டால் உதிரும். ஆனால் கால் கிலோ இருந்தால் கூடமே மணக்கும்.

அகலமான குண்டானின் நடுவில் ஒரு கிண்ணத்தை வையுங்கள். சுற்றிலும் இதழ்கள், அவை மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர். குமிழ் உள்ள மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் கட்டி. சிறு தீயில் ஆவி எழும்பி, மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். திரைச்சீலைக்கு அடியுங்கள். கடைப் பூவில் மருந்து தெளித்திருக்கலாம், அதனால் பாயசத்தில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

பீரோவுக்கு இது ஆகாது. ஓதம் இருக்கிற இடத்தில் மேலும் ஈரத்தைத் தெளித்த மாதிரி ஆகிவிடும். முதலில் பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். வெயில் வந்த அன்று கதவைத் திறந்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் அடுப்புக்கரியை முடிந்து மூலையில் வைத்து, வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். அப்புறம், நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் ஒரு பிடி வாங்கிப் புடவைகளுக்கு நடுவில் வையுங்கள். மணம் மங்கினால் லேசாக நனைத்து, நன்றாகக் காயவைத்தால் திரும்ப எழும். எலுமிச்சைத் தோலும் வைக்கலாம், சருகாகக் காய்ந்திருந்தால். நான் அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்து, நான்காம் நாள் பிரித்தால் பச்சைப் பூஞ்சை. ஒரு வெள்ளை வேட்டி போயிற்று.

கேள்வி: ஆன்லைனில் ‘நூறு சதவீதம் இயற்கை ரோஸ் ஆயில்’ 10 மி.லி. 149 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். 10 மி.லி.க்கே ஏறக்குறைய 30 கிலோ. உங்கள் ஊர் பூக்கடையில் 149 ரூபாய்க்கு 30 கிலோ ரோஜா கேட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். செயற்கை வாசனையை விற்பதில் தப்பில்லை, இயற்கை என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. ஏற்கெனவே வாங்கியிருந்தால் பில், அட்டைப்பெட்டி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் புகார் எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். விற்றவர் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வீட்டில் ஆறு மாதக் குழந்தையும் ஒரு பூனையும். கற்பூரம், அந்துருண்டை, சாம்பிராணி எது பரவாயில்லை?
– அரூர் வாசகி

பதில்: அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், ரத்தப் பரிசோதனை செய்யாமல் குறைவு இருப்பது முன்கூட்டித் தெரியாது. கற்பூரம் கொஞ்சம் வாயில் போனாலே வலிப்பு வரலாம், எட்டாத உயரத்தில் வையுங்கள். வாசனை எண்ணெய்களைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது, மூடிய அறையில் டிஃப்யூசர் ஓட்டாதீர்கள். சாம்பிராணி போடுவதானால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுங்கள், ஜன்னல் திறந்து புகை அடங்கிய பிறகு உள்ளே வரலாம்.