லீவு போடாதவனை ஏன் முறைக்கிறார்கள்?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரன். பிரான்ஸில் லியோன் நகரத்து நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது கோடை. ஆகஸ்ட் வந்தால் ஆபீஸே காலி. மெயில் போட்டால் 'செப்டம்பரில் பார்க்கலாம்' என்று பதில். தெருமுனை ரொட்டிக் கடைகூட மூன்று வாரம் அடைப்பு. நல்ல பெயர் வாங்கலாமென்று, "எனக்கு லீவே வேண்டாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். மேனேஜர் முகம் சுளிக்கிறார். இவர்கள் சோம்பேறிகளா, இல்லை நான்தான் தப்பா? – பெயர் வேண்டாம், லியோன்.

பதில்: தம்பி, நீங்கள் செய்தது உங்களுக்குத் தியாகம், உங்கள் மேனேஜருக்குத் தலைவலி. ஆண்டுக்கு ஐந்து வார விடுப்பு அங்கே சட்டம். ஊழியர் அதை எடுக்க வழி செய்து கொடுத்தீர்களா என்ற கேள்வி வந்தால் நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். சேர்த்து வைத்துக் காசாக்கவும் முடியாது. வேலையை விட்டு விலகும்போது மிச்சமிருந்தால் மட்டுமே பணம்.

அந்த ஐந்து வாரம் சும்மா கிடைத்ததல்ல. 1936-இல் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதமர் லெயோன் ப்ளூமின் அரசு, சம்பளத்தோடு இரண்டு வார விடுப்புக்கும் வாரம் 40 மணி நேர வேலைக்கும் சட்டம் போட்டது. 1956-இல் மூன்றாவது வாரம், 1969-இல் நான்காவது, அதிபர் மித்தெரான் காலத்தில் 1982-இல் ஐந்தாவது. நீங்கள் லீவு வேண்டாமென்றால், தாத்தா வழக்காடி மீட்ட நிலத்தைப் பேரன் சும்மா எழுதிக் கொடுப்பதைப் போல அவர்களுக்குத் தோன்றும்.

சோம்பேறிகளும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால், ஜெர்மானியர்களுக்குப் பெரிதாகப் பின்தங்கியவர்கள் அல்லர். கடையடைப்பிலும் ஒரு கணக்கு உண்டு. பாரிஸில் ரொட்டிக் கடைக்காரர்கள் பாதிப் பேர் ஜூலையில், மீதிப் பேர் ஆகஸ்டில் என்று முறைவைத்துத்தான் மூட வேண்டுமென்ற கட்டுப்பாடு 2015 வாக்கில்தான் நீங்கியது. ஊரில் ரொட்டி இல்லாமல் போய்விடக் கூடாதே!

ஆனால் ஊரே கிளம்பிப் போவதில் ஒரு கொடுமையும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். 2003 ஆகஸ்டில் அடித்த வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். குடும்பம் விடுமுறையில், பல மருத்துவர்களும் விடுமுறையில். அதன் பிறகுதான், முதியோர் நலனுக்கு நிதி திரட்ட, ஆண்டில் ஒரு நாள் கூடுதல் ஊதியமின்றி வேலை செய்யும் ஏற்பாடு 2004-இல் வந்தது. உங்கள் கட்டடத்தில் தனியாக ஒரு பாட்டி இருந்தால், ஆகஸ்டில் அவ்வப்போது கதவைத் தட்டிப் பாருங்கள்.

இனி உங்கள் விஷயம். முக்கியமான ஒப்புதல், கையெழுத்து எதுவானாலும் ஜூலை 14 தேசிய நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு யாரையும் துரத்தாதீர்கள், பலனில்லை. உங்கள் லீவுத் தேதிகளை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். வழக்கமாக ஒரே மூச்சில் நான்கு வாரம்தான் எடுக்கலாம். ஆனால் குடும்பம் தொலைதூரத்தில் இருப்பவர்களுக்கு ஐந்தையும் சேர்த்துக் கொடுக்கச் சட்டத்திலேயே இடமுண்டு. திருநெல்வேலி தொலைதூரம்தானே? கேளுங்கள்.