காலர்ட் கீரையில் என்ன இருக்கிறது? அமெரிக்கத் தென்மாநிலச் சாப்பாடு, கேள்வி பதில்

ஜார்ஜியா, கரோலினா, டென்னசி, லூசியானா பக்கம் குடியிருப்பவர்களும் அங்கே சுற்றிப்பார்க்கப் போகிறவர்களும் கேட்டவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அட்லாண்டா): அக்கா, ஆபீஸ்ல எல்லாரும் "மீட் அண்ட் த்ரீ" கடைக்குக் கூப்பிடறாங்க. நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. "காய்கறி நிறைய இருக்கும், வா"ங்கறாங்க. நம்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் விசாரிக்காமல் தட்டை நீட்டாதீர்கள். இந்தக் கடைகளில் ஒரு இறைச்சியும் மூன்று சைடும் (துணைப் பதார்த்தம்) சேர்ந்தது ஒரு சாப்பாடு. இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு "வெஜிடபிள் பிளேட்" உண்டு. அதில் பெரும்பாலும் நான்கு சைடு வரும். சைடு பட்டியலில் மாக்கரோனி சீஸும் காய்கறியோடு காய்கறியாக உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

சிக்கல் காய்கறியை வேகவைக்கும் விதத்தில் இருக்கிறது. காலர்ட் கீரை (முட்டைகோஸ் இனத்து அகல இலைக் கீரை), டர்னிப் கீரை, பச்சை பீன்ஸ், காராமணி, பின்டோ பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாவற்றையும் ஹாம் ஹாக் (புகையூட்டிய பன்றிக்கால் மூட்டு), பேக்கன், அல்லது புகையூட்டிய வான்கோழிக் கழுத்து போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் வழக்கம். பரிமாறும்போது எலும்பை எடுத்துவிடுவார்கள். அதனால் "இது வெஜிடேரியனா?" என்று கேட்டால், கண்ணுக்குத் துண்டு தெரியாததால் "ஆமாம்" என்றே பதில் வரும். பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் அது மசாலா மாதிரி. கேட்க வேண்டியது: "எதைப் போட்டு வேகவைத்தீர்கள்? ஹாம், பேக்கன், டர்க்கி, சிக்கன் ஸ்டாக், இதில் ஏதாவது உண்டா?" பெயர் சொல்லிக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

கார்ன்பிரெட்டில் பேக்கன் கொழுப்பைக் காயவைத்து வாணலியில் ஊற்றியிருக்கலாம். பிஸ்கட்டிலும் (இங்கே அது மெத்தென்ற சின்ன ரொட்டி) பை (pie) பண்டத்தின் மாவு ஓட்டிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். சர்க்கரைவள்ளி காசரோல் மேல் உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டு. வறுத்த வெண்டைக்காய், கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் பெரும்பாலும் பொரியும். ஓரளவு கவலையில்லாதவை கோல்ஸ்லா (முட்டைகோஸ் சாலட், அதன் மயோனைஸில் முட்டை உண்டு), தக்காளித் துண்டு, ஊறவைத்த பீட்ரூட், வெள்ளரி வெங்காய சாலட், வெறுமனே சுட்ட சர்க்கரைவள்ளி.

கேள்வி (டல்லஸ்): நாங்க மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம். "சிக்கன் ஃப்ரைட் ஸ்டேக்" சிக்கன்தானே?

பதில்: இல்லை, அது மாட்டிறைச்சி. தட்டி மெலிதாக்கிய துண்டை மாவில் புரட்டி, கோழியைப் பொரிப்பது போலப் பொரிப்பதால் அந்தப் பெயர். "கன்ட்ரி ஃப்ரைட் ஸ்டேக்" என்பதும் மாடுதான். கோழி வேண்டுமென்றால் "சிக்கன் ஃப்ரைட் சிக்கன்" என்று கேளுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், மெனுவில் அப்படித்தான் போட்டிருக்கும். பிரன்ஸ்விக் ஸ்டூவில் கோழி, பன்றி, மாடு மூன்றும் கலந்திருக்கலாம். பிரவுன் கிரேவி என்றாலும் விசாரியுங்கள். பிஸ்கட் மேல் ஊற்றும் வெள்ளை சாசேஜ் கிரேவி பன்றி.

கேள்வி (நாஷ்வில்): ஹாட் சிக்கன் அப்படி ஒண்ணும் காரமா இருக்காதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். ஆந்திரா மெஸ்ல சாப்பிட்டு வளர்ந்தவராம்!

பதில்: முதல் தடவை அவரை மீடியம் வாங்கச் சொல்லுங்கள். நம் காரக்குழம்பு சோற்றோடு பிசைந்து உள்ளே போகிறது, பக்கத்தில் தயிரும் இருக்கிறது. இங்கே பொரித்த சூடான கொழுப்பில் கெயன் மிளகாய்த்தூளைக் குழைத்து, பொரித்த கோழி மேல் நேரடியாகப் பூசுகிறார்கள். அந்தக் கொழுப்பு நாக்கிலும் உதட்டிலும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தால் போகாது. பாலோ ரான்ச் சாஸோ உதவும். அடியில் வைக்கும் வெள்ளை பிரெட்டும் மேலே குத்திய ஊறுகாய் வெள்ளரியும் அலங்காரமில்லை. பிரெட் எண்ணெயை உறிஞ்சும், புளிப்பு எரிச்சலைக் கொஞ்சம் வெட்டும். சாப்பிட்ட விரலால் கண்ணைத் தொடக்கூடாது. இந்த வகைக்குத் தாய்க்கடை நாஷ்வில்லின் பிரின்ஸஸ் (Prince's). சில கடைகளில் அந்தப் பூச்சில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், விலக்குபவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

கேள்வி (ஷார்லட்): பார்பிக்யூன்னா ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. எங்கே என்ன வாங்கணும்?

பதில்: கரோலினாவில் "பார்பிக்யூ" என்று மொட்டையாகச் சொன்னால் பன்றிதான். வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றி, வினிகரும் மிளகாய்த் துகளும் மட்டும். அதே மாநிலத்தின் லெக்சிங்டன் பக்கம் தோள்பட்டை இறைச்சி. அங்கே தொட்டுக்கொள்ளும் "டிப்"பில் வினிகரோடு கொஞ்சம் கெச்சப், கோல்ஸ்லாவும் சிவப்பாக இருக்கும். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் கடுகு சாஸ். வட அலபாமாவில் மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளை சாஸ், கோழிக்கு. டிகேட்டரில் 1925இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடையின் கைவண்ணம் அது. பன்றியே வேண்டாம் என்பவர்கள் அங்கே போகலாம்.

லெக்சிங்டனில் "அவுட்சைட் பிரவுன்" என்று கேட்டு வாங்குங்கள். புகை பட்டுக் கருத்த வெளிப்புறத் துண்டுகள் சேர்ந்து வரும், ருசியெல்லாம் அதில்தான். கடையின் பின்பக்கம் விறகு அடுக்கியிருக்கிறதா பாருங்கள். குறைந்த சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவேண்டிய பொருள், அன்றைய சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான். சாயங்காலம் போய் ஏமாறாதீர்கள்.

கேள்வி (ராலே): பக்கத்து வீட்டுப் பாட்டி சர்ச்சில் நடக்கும் "கவர்டு டிஷ்" விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் இந்துக்கள். போகலாமா? என்ன கொண்டுபோவது?

பதில்: கூப்பிட்டபின் தயக்கமே வேண்டாம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவதுதான் விஷயம். ஜெபம் முடியும்வரை தட்டில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

13 அங்குல நீளம், 9 அங்குல அகலமுள்ள ட்ரே ஒன்று போதும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் அது 12 முதல் 15 பேருக்கு வரும். எலுமிச்சைச் சாதம் நன்றாக எடுபடும். காரத்தைப் பாதியாக்கி, முழு வரமிளகாயைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், தெரியாமல் கடித்துவிடுவார்கள். வேர்க்கடலை, முந்திரி இருந்தால் சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை அங்கே விளையாட்டில்லை. வடை போகிற வழியிலேயே வதங்கிவிடும், சாம்பார் காரில் கொட்டும். இரண்டும் வேண்டாம். வெண்டைக்காய் வறுவல் கொண்டுபோனால் பாட்டிமார் செய்முறை கேட்பார்கள், அது அவர்கள் ஊர்க் காயும்தான்.

சூடான பண்டம் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், குளிர்ந்தது 40க்குக் கீழ் இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியில் 90 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். சாதத்துக்கும் இது பொருந்தும், எலுமிச்சை பிழிந்திருக்கிறோமே என்று விட்டுவிடாதீர்கள். ஸ்லோ குக்கர் கொண்டுபோனால் எக்ஸ்டென்ஷன் வயரும் சேர்த்து எடுங்கள். பரிமாற உங்கள் கரண்டியையே கொண்டுபோங்கள். பாத்திரத்தின் அடியிலும் கரண்டியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதாவிட்டால் வீடு திரும்பாது.

கேள்வி (சார்ல்ஸ்டன்): வீட்டில் 20 பேருக்கு லோகன்ட்ரி பாயில் போடணும். கணக்கும் வரிசையும் சொல்லுங்க.

பதில்: இறால், சாசேஜ், உருளைக்கிழங்கு, சோளம் எல்லாம் ஒரே அண்டாவில் வேகவைப்பதுதான் லோகன்ட்ரி பாயில். ஃப்ராக்மோர் ஸ்டூ என்பதும் இதுதான். தென் கரோலினாவின் செயின்ட் ஹெலீனா தீவிலுள்ள ஃப்ராக்மோரின் பெயர்.

20 பேருக்கு ஓடு உரிக்காத, தலை எடுத்த இறால் 10 பவுண்டு, புகையூட்டிய சாசேஜ் 5 பவுண்டு, சிறிய சிவப்பு உருளைக்கிழங்கு 7 பவுண்டு, மக்காச்சோளக் கதிர் 20, ஒவ்வொன்றும் இரண்டாக உடைத்தது. இத்தனையும் 30 குவார்ட் அண்டாவில் ஒரே தடவையில் அடங்காது, இரண்டு ஈடாகப் போடுங்கள். ஒரு காலன் தண்ணீருக்குக் கால் கப் ஓல்டு பே மசாலாத்தூள், அதற்குமேல் உப்பு, பாதியாக வெட்டிய எலுமிச்சை. தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்க வேண்டும். சப்பென்றிருந்தால் உருளைக்கிழங்கும் சப்பென்றுதான் வரும்.

தண்ணீர் கொதித்ததும் முதலில் உருளைக்கிழங்கு, 10 நிமிடம். கத்தி முக்கால்வாசி இறங்கியதும் சாசேஜ், 5 நிமிடம். பிறகு சோளம், இன்னொரு 5 நிமிடம். திரும்பத் தளதளவென்று கொதி வந்தபிறகே இறால், 2 முதல் 3 நிமிடம். கொதி வருமுன் கொட்டினால் தண்ணீர் ஆறி, சிலது வெந்தும் சிலது வேகாமலும் நிற்கும். இறால் இளஞ்சிவப்பாகி லேசாக வளைந்தால் பதம். தலைப்பக்கமும் வாலும் ஒட்டிச் சுருண்டால் ரப்பர். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஊறவிடுவதுதான் பலர் கெடுக்கிற இடம். உடனே வடித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டுங்கள்.

சைவக்காரர்கள் இருந்தால் அவர்களுடைய உருளையும் சோளமும் தனிப் பாத்திரத்தில் வேகட்டும். டர்க்கி சாசேஜ் வாங்கினாலும் மேல்தோல் பன்றிக்குடலா என்று உறையில் பாருங்கள். கேஸ் அடுப்பு திறந்தவெளியில், சமதரையில். மழை வந்தாலும் கராஜுக்குள் கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

கேள்வி (பேட்டன் ரூஜ்): கிராஃபிஷுக்கும் இதே முறையா?

பதில்: இல்லை, கிராஃபிஷ் (சின்னச் சிங்கிறால் மாதிரி நன்னீரில் வாழ்வது) என்றால் ஊறவிட வேண்டும். கொதி வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் அடுப்பை அணைத்து, 20 முதல் 30 நிமிடம் ஊறினால்தான் மசாலா உள்ளே இறங்கும். கொதித்துக்கொண்டே இருந்தால் சதை ஓட்டில் ஒட்டி, உரிக்க வராது. ஆளுக்கு 3 முதல் 5 பவுண்டு வேண்டும், முக்கால்வாசி ஓடுதான். உப்புத் தண்ணீரில் போட்டால் அழுக்கைக் கக்கும் என்பது வெறும் நம்பிக்கை. நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசி, செத்ததைப் பொறுக்கி எறியுங்கள். மார்ச் முதல் மே வரை நல்ல பருவம்.

கேள்வி (சவான்னா போகிறவர்): மிசஸ் வில்க்ஸ் சாப்பாட்டுக்கூடம் வரிசையில் நிற்கத் தகுதியானதா?

பதில்: இறைச்சி சாப்பிடுபவர் என்றால், ஆம். 1943 முதல் நடப்பது. முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, கிண்ணங்களைக் கைமாற்றிச் சாப்பிடும் முறை. மதியம் மட்டும், வார நாட்களில். சாப்பிட்ட தட்டை நீங்களே சமையலறைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சைவக்காரர் அவ்வளவு நேரம் நிற்பது வீண்.

கேள்வி (பர்மிங்ஹாம்): கிரிட்ஸ் கட்டி தட்டுது. அதுக்குச் சர்க்கரை போடணுமா?

பதில்: கிரிட்ஸ் என்பது மக்காச்சோள ரவைக் கஞ்சி. அதில் சர்க்கரை போட்டால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். உப்பும் வெண்ணெயும்தான். கல்லில் அரைத்தது ஒரு கப்புக்கு நாலு முதல் ஐந்து கப் தண்ணீர், 45 நிமிடம். கொதிக்கும் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டிதான். ரவை உப்புமாவுக்குப் போல ஒரு கை கிளற, மறு கை தூவ வேண்டும். உப்பை முதலிலேயே போடுங்கள், கடைசியில் போட்டால் உள்ளே பிடிக்காது.

கேள்வி (மெம்பிஸ்): டிப்ஸ் எவ்வளவு? சர்ச் ஃபிஷ் ஃப்ரையிலும் கொடுக்கணுமா?

பதில்: மேசைக்கு வந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம். நீங்களே தட்டேந்திப் போகும் கஃபட்டீரியாவில் தட்டை எடுப்பவருக்கு ஒன்றிரண்டு டாலர். சர்ச்சில் "பிளேட் சேல்" என்றால் சொன்ன விலை மட்டும், டிப்ஸ் இல்லை. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள், எல்லா இடத்திலும் கார்டு எடுக்க மாட்டார்கள்.